குமிழிக்குப் பிடித்த குடை

குடை எனக்கில்லை.
மயூரதன் ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார்.
மூன்று காலில் நிற்கிற கருவிக்குத்தான் அது.
அதன் விலாவில், கண்ணாடிக்குள்,
பச்சையாய் ஒரு திரவம். அதில் ஒரு குமிழி.
"சூடேறினா குமிழி ஓடும், பிள்ளை.
குமிழி ஓடினா எல்லை ஓடும்."

ஆகவே காலையில் கிழக்கே நிற்பேன்,
பத்து மணிக்குக் கொஞ்சம் தள்ளி,
உச்சியில் கருவியோடு ஒட்டி.
ஆவணி வெயிலில் அப்போது என் நிழலும்
காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.
வலக்கை இடக்கையைவிட
இரண்டு நிறம் கறுத்துப்போனது.

வங்கிக்காரர் கொடுத்த குடை.
'உங்கள் நாளைக்காக' என்று ஓரத்தில் இருக்கும்.
'நாளை'க்கு மேலே முறிந்த கம்பியைக்
கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறேன்.
என்னுடையது ஊதாப்பூப் போட்டது,
சைக்கிள் கூடைக்குள் மடங்கிக் கிடக்கிறது.
மற்றக் கையில் குறிப்புப் புத்தகம்.

இன்றைக்குப் புளியம்பொக்கணை.
கோணேஸ்வரி அக்காவின் காணி,
பக்கத்தில் சவரிமுத்து அண்ணையின் காணி.
நடுவே கிளுவை வேலி இருந்தது:
இருவரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.
எங்கே இருந்தது என்பதில் ஆறடி.
ஊரே இல்லாத வருடங்களில்
அது யாருடைய அடுப்பில் எரிந்ததோ.
"நான் வந்து பாக்கேக்க புல்லுத்தான் நிண்டது" என்றார் அண்ணை.
"கதியாலுக்குக் கால் முளைக்கும்,
எனக்குத் தெரியாதே" என்றா அக்கா.

அந்த ஆறடிக்குள் ஒரு பாலை மரம்.
சுற்றுவட்டாரத்தில் நிழல் அது மட்டும்.
அளந்து முடியுமட்டும்
அதற்குள் எவரும் நிற்கக்கூடாது என்றார் ஐயா.
அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டா.
அண்ணை காணி உறுதியை
பிளாஸ்ரிக் உறையோடு நெற்றிக்கு மேல் பிடித்தார்.
அவருடைய நாய் மட்டும் மரத்தடியில் படுத்திருந்தது.
"நாயையும் எழுப்பச் சொல்லுங்கோ."

அது எழும்பவில்லை.

பிறகு கச்சான் அடித்தது.
குடை தலைகீழாய் மலர்ந்தது.
வெயில் நேரே குமிழியில் விழ
ஐயா என்னைப் பார்க்காமலே சொன்னார்,
"முதல்ல இருந்து."
இரண்டாம் முறையும் அப்படித்தான்.
மூன்றாம் முறை சவரிமுத்து அண்ணை வந்து
ஒரு கம்பியைப் பிடித்தார்.
அக்கா ஓடிவந்து எதிர்க் கம்பியைப் பிடித்தா.
"அவர் மட்டும் பிடிச்சா
அவற்ற பக்கம் சாயும்."

ஒரு குடைக்கு மூன்று பேர்.
மூன்று தலையும் வெயிலில்.
அக்காவின் முழங்கையிலிருந்து வியர்வை
என் மணிக்கட்டில் சொட்டியது.
யாருடைய வயிறோ சத்தம் போட்டது.
ஐயா ஒற்றைக் கண்ணை மூடி,
தூரத்தில் கோல் பிடித்து நின்ற குகதாசனுக்குக்
கையால் சொன்னார்:
இடம். இன்னும் இடம். கொஞ்சம் வலம்.
நிறுத்து.

முளை அடிக்க
நாயை எழுப்பத்தான் வேண்டியிருந்தது.

ஆறில் நாலடி அண்ணைக்குப் போனது.
மரமும் அவருக்கு.
ஒரு வேர் மட்டும் கயிற்றைத் தாண்டி
அக்காவின் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.
அண்ணை ஒன்றும் சொல்லாமல் நிழலுக்குள் போனார்.
அக்கா கம்பியை விட மறந்து
அப்படியே நின்றா.
நானும் குடையை மடக்கவில்லை.
கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தபிறகும்
வெறும் மூன்று காலுக்கு
நாங்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டிருந்தோம்.

புத்தகத்தில் காலநிலைக்கென்று ஒரு கட்டம் உண்டு.
வெயில், இடையிடையே காற்று
என்று எழுதினேன்.

சைக்கிளை எடுக்கும்போது
அக்கா பின்னால் வந்தா.
"பிள்ளை,
அதுக்குச் சூடேறேல்லைத்தானே?"

பெட்டியில் வைக்குமுன் தொட்டுப் பார்த்திருந்தேன்.
பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது.

"இல்லை அக்கா" என்றேன்.
வலக்கை எரிந்துகொண்டிருந்தது.